கோகோகே தீவில் ஒரு நாள்: பழைய குறிப்புகளை நம்பாமல் திட்டமிடுவது எப்படி

ராயல் கரீபியன் நிறுவனத்தின் சுற்றுலாக் கப்பலில் பஹாமாஸுக்கும், அங்கே அந்த நிறுவனத்தின் தனித்தீவான கோகோகேக்கும் போக புக் செய்தவர்களுக்கு முதல் ஆலோசனை பெரும்பாலும் ஏற்கெனவே போய்வந்த உறவினரிடமிருந்துதான் கிடைக்கும். "கோகோகேயில் எல்லாமே ஃப்ரீ, துண்டை எடுத்துக்கொண்டு இறங்கினால் போதும்" என்பார் ஒருவர். "அங்கே தலைக்கு நூறு டாலருக்கு மேல் ஆயிற்று" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் பொய்யில்லை. முதலாமவர் போனது 2018-க்கு முன், அடுத்தவர் போனது 2019-க்குப் பின். இடையில் அந்தத் தீவையே மாற்றிக் கட்டிவிட்டார்கள். யார் எந்தக் குறிப்பைச் சொன்னாலும் முதலில் "எந்த வருஷம் போனீர்கள்?" என்று கேளுங்கள்.

தீவு எப்படி மாறியது

கோகோகேயின் வரைபடப் பெயர் லிட்டில் ஸ்டிரப் கே. பஹாமாஸின் பெர்ரி தீவுக்கூட்டத்தில், தலைநகர் நாசோவுக்கு வடக்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மியாமியிலிருந்து ஓர் இரவுப் பயணம். பக்கத்துத் தீவான கிரேட் ஸ்டிரப் கேயை நார்வீஜியன் கப்பல் நிறுவனம் 1977-லேயே வாங்கிவிட்டது. கப்பல் கம்பெனிக்கென்று தனித்தீவு என்ற வழக்கம் அங்கிருந்துதான் தொடங்கியது. ராயல் கரீபியன் 1988-ல் அட்மிரல் குரூசஸ் நிறுவனத்தை இணைத்துக்கொண்டபோது லிட்டில் ஸ்டிரப் அதன் கைக்கு வந்தது. கோகோகே என்பது அதன் பிறகு வைத்த விற்பனைப் பெயர்.

இத்தனை கம்பெனிகளும் ஏன் பஹாமாஸையே பிடித்துக்கொண்டன? கடல் அழகு ஒரு காரணம். சட்டம் இன்னொரு காரணம். 1886-ஆம் ஆண்டின் பயணிகள் கப்பல் சட்டப்படி, வெளிநாட்டில் பதிவான கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆட்களை ஏற்றி அங்கேயே திரும்ப இறக்க வேண்டுமானால், நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறையையாவது தொட்டாக வேண்டும். பெரிய சுற்றுலாக் கப்பல்கள் ஏறக்குறைய எல்லாமே வெளிநாட்டுப் பதிவுதான். புளோரிடாவிலிருந்து மூன்று நாளில் தொட்டுத் திரும்பத் தோதான வெளிநாடு பஹாமாஸ். சொந்தத் தீவாக இருந்துவிட்டால் பயணி செலவழிக்கும் காசும் வெளியே போகாது.

முப்பது வருஷத்துக்கு அங்கே நடந்தது இதுதான்: கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். எண் கொடுத்துக் கூப்பிடுவார்கள். டெண்டர் எனப்படும் சிறு படகில் ஏறிக் கரைக்குப் போக வேண்டும். கரையில் மணல், ஊஞ்சல் படுக்கை, மதியம் பொதுச் சாப்பாடு. அலை கொஞ்சம் கூடினாலும் படகு ஓடாது, அன்றைய தீவு ரத்து.

இதை மாற்றியது நீர்ச்சறுக்கு இல்லை, துறைப்பாலம். 2018-ல் கடலுக்குள் நீளும் பாலம் கட்டி முடிந்ததும், ஒயாசிஸ் வகை ராட்சதக் கப்பல்களே இரண்டு ஒரே நேரத்தில் வந்து ஒட்டி நிற்க முடிந்தது. அத்தனை பேர் இறங்கும் இடத்தில் வெறும் மணலும் சாப்பாட்டுக் கொட்டகையும் போதாது. 25 கோடி டாலர் செலவில் தீவை மாற்றி 2019 மே மாதம் "பர்ஃபெக்ட் டே" என்ற பெயரோடு திறந்தார்கள். 2020-ன் தொடக்கத்தில் கட்டணப் பகுதியான கோகோ பீச் கிளப் வந்தது. 2024 ஜனவரியில் பெரியவர்களுக்கு மட்டுமான ஹைட்அவே பீச் திறந்தது.

இந்த வரிசை தெரிந்தால் எந்தக் குறிப்புக்கும் வயது கண்டுபிடித்துவிடலாம். டெண்டர் படகைப் பற்றிப் பேசினால் அது 2018-க்கு முந்தியது. அதில் சொல்லும் இடமும் நேரமும் இன்று உதவாது. தண்ணீர்ப் பூங்கா உண்டு, ஹைட்அவே பற்றிப் பேச்சில்லை என்றால் 2019 முதல் 2023 வரையிலான குறிப்பு. இடங்களுக்கு நம்பலாம், விலைக்கு நம்பக் கூடாது.

புக் செய்யுமுன்

உங்கள் தேதியில் தீவில் எத்தனை கப்பல் நிற்கிறது என்று பாருங்கள். கப்பல் கால அட்டவணை தரும் இணையதளங்களில் கோகோகே என்று தேடி, நாளைத் தேர்ந்தால் போதும். ஒரு கப்பல் என்றால் நிம்மதியான நாள். ஐகான் வகையும் ஒயாசிஸ் வகையும் சேர்ந்து நின்றால் பத்தாயிரம் பேரைத் தாண்டும். ஐகான் ஆஃப் தி சீஸ் ஒன்றே அறைக்கு இருவர் கணக்கில் 5,610 பேரை ஏற்றும். இரண்டு பயணத் தேதிகளில் எது என்று தயங்கினால் கப்பல் எண்ணிக்கையை வைத்தே முடிவெடுக்கலாம்.

அடுத்தது மாதம். டிசம்பர் முதல் மார்ச் வரை அமெரிக்காவிலிருந்து குளிர்காற்று கீழே இறங்கும். துறைப்பாலம் திறந்த கடலில் இருப்பதால், பக்கவாட்டுக் காற்று பலமாக அடிக்கும்போது பதினைந்து மாடி உயரக் கப்பலை அதில் ஒட்டுவது ஆபத்து. கேப்டன் திருப்பிக்கொண்டு போய்விடுவார். பாலம் வந்ததால் ரத்து குறைந்தது உண்மை, நிற்கவில்லை. ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிப் பருவம். அப்போது தீவு மட்டுமில்லை, பயணப் பாதையே மாறலாம். ஏப்ரல் கடைசியும் மே மாதமும் இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற நல்ல இடைவெளி.

அமெரிக்காவில் வேலை விசாவில் இருக்கும் நம்மவர்கள் தவறாமல் பார்க்க வேண்டியது பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரையின் தேதி. முத்திரை காலாவதியானாலும், அமெரிக்காவில் தங்க அனுமதித்த பதிவான ஐ-94 செல்லுபடியாக இருந்தால் குறுகிய பயணம் போய்த் திரும்பலாம் என்ற சலுகை உண்டு. ஆனால் எச்-1பி வேலை விசா, அவர்கள் குடும்பத்துக்கான எச்-4 வைத்திருப்பவர்களுக்கு அது கனடா, மெக்சிகோவோடு முடிந்துவிடுகிறது. பஹாமாஸ் அதில் சேராது. அருகிலுள்ள தீவுகளுக்கும் சேர்த்து அந்தச் சலுகை கிடைப்பது எஃப் (மாணவர்), ஜே (பரிமாற்றத் திட்டம்) விசாக்காரர்களுக்குத்தான், அதுவும் 30 நாளுக்குள் திரும்பினால். "கப்பலைவிட்டு இறங்கமாட்டேன்" என்ற சமாதானம் துறைமுகக் கவுண்டரில் எடுபடாது, ஏறவே விடமாட்டார்கள். ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்துப்போகிறீர்கள் என்றால் அவர்கள் விசா பலமுறை நுழையும் வகையா என்று பாருங்கள்.

எதற்குப் பணம், எதற்கு இல்லை

பலர் தேவையில்லாமல் செலவழிப்பது இங்கேதான். கடற்கரை, சாய்வு நாற்காலி, குடை, தீவைச் சுற்றும் டிராம் வண்டி, ஒயாசிஸ் லகூன் என்ற பெரிய நன்னீர்க் குளம், சின்னப் பிள்ளைகளுக்கான ஸ்பிளாஷ்அவே பே, கப்பல் வடிவ விளையாட்டு இடமான கேப்டன் ஜில்ஸ் கேலியன் எல்லாமே டிக்கெட்டில் அடங்கியவை. சில் கிரில், ஸ்கிப்பர்ஸ் கிரில், ஸ்நாக் ஷாக் மூன்றிலும் சாப்பாட்டுக்குக் காசில்லை. கப்பலில் வாங்கிய பானப் பேக்கேஜும் வைஃபையும் தீவிலும் செல்லும்.

பணம் கேட்பவை: தண்ணீர்ப் பூங்கா, ஜிப் லைன், ஆட்களை ஏற்றும் ஹீலியம் பலூன், ஹைட்அவே பீச், கோகோ பீச் கிளப், கபானா குடில்கள், ஸ்நார்க்கல் கருவி, மிதவைப் பாய், லாக்கர்.

தண்ணீர்ப் பூங்காவை வாங்கலாமா? பிள்ளையை சுவரோடு நிறுத்தி அளந்துபாருங்கள். 135 அடி உயர டேர்டெவில்ஸ் பீக் என்ற சறுக்கு உள்ள பெரிய கோபுரத்துக்கு 48 அங்குலம், அதாவது 122 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். அதைவிடக் குட்டையான பிள்ளைக்கு முழுக் கட்டணம் கட்டிக் கூட்டிப்போனால் பாதி நேரம் வேடிக்கைதான் பார்க்கும். ஐந்து வயதுக்காரருக்கு ஸ்பிளாஷ்அவே பேயே தாராளம். டீன்ஏஜ் பிள்ளைகள் இருந்தால் கணக்கு வேறு. மொத்தம் 13 சறுக்குகள், அலைக்குளம், தடை தாண்டும் குளம் என்று நாள் முழுக்க அங்கேயே கழியும். லிஃப்ட் கிடையாது, ஒவ்வொரு தடவையும் படியேற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் பிள்ளைகளுக்கு மட்டும் வாங்கிவிட்டுக் குளத்துப் பக்கம் போய்விடுவது நல்லது.

விலை நிலையானது இல்லை. ஒரே பூங்காவுக்கு, விடுமுறை வாரத்தில் ஒரு விலை, பள்ளி நடக்கும் வாரத்தில் ஒரு விலை. இப்போதெல்லாம் தலைக்கு நூறு டாலரைத் தாண்டுவது சாதாரணம். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கப்பல் புக் ஆனதும் நிறுவனத்தின் குரூஸ் பிளானர் பக்கத்தில் அன்றைய விலைக்கு ஒன்றை வாங்கிவைத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை எட்டிப்பாருங்கள். விலை இறங்கினால் பழையதை ரத்து செய்து புதிதாக வாங்குங்கள். பயணத்துக்கு இரண்டு நாள் முன்னதாக இந்த வேலையை முடித்துவிடுங்கள். கப்பலில் ஏறிய பின் வாங்கினால் பெரும்பாலும் கூடுதல்தான்.

பலூன் 450 அடி வரை ஏறும். காற்று சற்றுக் கூடினாலும் இறக்கிக் கட்டிவிடுவார்கள், அதனால் அதை நம்பி நாளை அமைக்காதீர்கள். கோகோ பீச் கிளப்பின் தண்ணீர் மேல் கட்டிய குடில்கள் ஆயிரம் டாலரைத் தாண்டும். அந்தக் காசுக்குக் குடும்பத்தோடு இன்னொரு கப்பல் பயணமே போகலாம் என்பது எங்கள் கருத்து. ஹைட்அவேயில் பாட்டுச் சத்தம் அதிகம். பிள்ளைகள் இல்லாத அமைதியான இடம் என்று எண்ணி வாங்கியவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

இறங்கும் நாள்

கப்பல் வழக்கமாகக் காலை 7 அல்லது 8 மணிக்கு ஒட்டி, மாலை 5 மணி வாக்கில் கிளம்பும். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் பத்தரைக்கு இறங்கினால், குளத்தோர நாற்காலிகள் எல்லாவற்றிலும் துண்டு விரித்திருக்கும். எட்டரைக்குள் இறங்குங்கள். முதல் இரண்டு மணி நேரமும் கடைசி இரண்டு மணி நேரமும்தான் தீவு உங்களுக்குக் கிடைக்கும். நடுவில் உள்ளது கூட்டத்துக்கு.

சறுக்கு டிக்கெட் வாங்கியிருந்தால், கதவு திறந்ததும் உயர்ந்த கோபுரத்தை முதலில் முடியுங்கள். பகல் 11-க்கு மேல் அந்தப் படிக்கட்டில் நீண்ட வரிசை சேர்ந்துவிடும். அப்போது அலைக்குளத்துக்கு மாறிக்கொண்டு, மதியம் இரண்டரைக்கு மேல் மறுபடி வாருங்கள். வெயில் பட்டுக் களைத்தவர்கள் கப்பலுக்குத் திரும்பத் தொடங்கியிருப்பார்கள்.

கடற்கரைக்காரர்கள் முதலில் கண்ணில் படும் மணலில் உட்கார்ந்துவிடாதீர்கள். சில் ஐலண்ட் என்ற கடற்கரைப் பகுதியில் தண்ணீர் அமைதியாக இருக்கும், அதனால் கூட்டமும் அங்கேதான். டிராம் ஏறி சவுத் பீச் போனால் ஆள் குறைவு. டயபர் போட்ட குழந்தைகளைக் குளத்தில் இறக்க விடமாட்டார்கள், நீச்சல் டயபருக்கும் அதே விதி. அவர்களுக்குக் கடலோர ஆழமில்லாத தண்ணீர்தான்.

மதியச் சாப்பாட்டுக்கு 12 மணிக்குப் போனால் வெயிலில் வரிசை. கிரில் திறக்கும் நேரத்திலேயே போய்விடுங்கள். சைவத்துக்குக் காய்கறி பர்கர், சாலட், பழம், ஸ்நாக் ஷாக்கில் சீஸ் குச்சி கிடைக்கும். முட்டையும் தவிர்ப்பவர்கள், ஒரே எண்ணெயில் பொரிப்பதைத் தவிர்ப்பவர்கள் கவுண்டரில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கப்பல் பஃபேயிலிருந்து சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு இறங்க அனுமதியில்லை. பிரிக்காத பாக்கெட் தின்பண்டம் மட்டும் கொண்டுபோகலாம். புளியோதரை கனவு வேண்டாம், கடை பாக்கெட் முறுக்கு போதும். கிரில்கள் கப்பல் கிளம்பும் நேரத்துக்கு வெகு முன்பே மூடிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை குறைவு: அறைச் சாவியும் அடையாளமுமான சீபாஸ் அட்டையை நனையாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள், அது இல்லாமல் கப்பலுக்குள் திரும்ப முடியாது. கப்பல் துண்டை எண்ணி எடுத்து எண்ணிக் கொண்டுவாருங்கள், தொலைந்தால் கணக்கில் ஏறும். தண்ணீரில் போடும் செருப்பு, முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன். பஹாமாஸுக்கும் புளோரிடாவுக்கும் நேர வித்தியாசம் இல்லை. இருந்தாலும் செல்போனைவிடக் கப்பல் கடிகாரத்தையே பின்பற்றுங்கள்.

கப்பல் ஒட்டாமல் போனால்

காலையில் கேப்டன் ஒலிபெருக்கியில் சொல்லிவிடுவார். கப்பல் நிறுவனத்திடம் வாங்கிய பூங்கா டிக்கெட், குடில் பணம் தானாகத் திரும்ப வரும், துறைமுக வரியும் வரும். தீவுக்கான மனவருத்தத்துக்கு மட்டும் யாரும் தரமாட்டார்கள். பயண முடிவில் கணக்கைச் சரிபாருங்கள். விடுபட்டிருந்தால் இறங்குமுன் கெஸ்ட் சர்வீஸில் கேட்பது சுலபம், வீட்டுக்கு வந்து கேட்பது இழுபறி. அன்று கப்பல் நாசோவுக்குத் திரும்பலாம், அல்லது கடலிலேயே நாள் கழியலாம். கடல் நாள் என்ற அறிவிப்பு வந்த அடுத்த நிமிடமே கப்பலில் முன்பதிவு வேண்டியிருக்கும் நிகழ்ச்சிகளைச் செயலியில் பிடித்துவிடுங்கள், ஆயிரக்கணக்கானவர்கள் அதையேதான் செய்வார்கள்.

பழைய மாதிரித் தீவுதான் வேண்டும் என்றால்

மணல், நிழல், பொதுச் சாப்பாடு என்ற அந்த நாள் கோகோகே வேண்டுமானால் வேறு கம்பெனியைப் பாருங்கள். எலூத்ரா தீவின் தென்முனையில் உள்ள பிரின்சஸ் கேஸுக்கு டெண்டர் படகில்தான் போக வேண்டும். டிஸ்னியின் காஸ்ட்அவே கே 1998 முதலே துறைப்பாலத்தோடு இருக்கிறது, ஆனால் ஆயிரம் ஏக்கரில் சிறு பகுதியில்தான் கட்டியிருக்கிறார்கள். கப்பல் டிக்கெட்தான் விலை அதிகம். ஹாலந்து அமெரிக்கா 1996-ல் வாங்கிய ஹாஃப் மூன் கேயும் நெடுங்காலம் படகுத் தீவாகவே இருந்தது. அங்கும் துறைப்பாலத் திட்டத்தை அதன் தாய் நிறுவனமான கார்னிவல் அறிவித்துவிட்டது, கோகோகேக்குப் பக்கத்து கிரேட் ஸ்டிரப் கேக்கு நார்வீஜியனும் பாலத்தை 2024-லும் தண்ணீர்ப் பூங்காவை 2025-லும் அறிவித்தது. அதனால் இந்த இரண்டில் எதற்குப் போனாலும், உங்கள் தேதிக்குப் படகா பாலமா என்று டிக்கெட் வாங்குமுன் கப்பல் கம்பெனியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.