கட்சி நிறங்களை இணையக் கலைக்களஞ்சியங்களில் சரியாகப் பதிவு செய்யும் முறை

தேர்தல் முடிவு அட்டவணையில் கட்சிப் பெயருக்கு முன்னால் இருக்கும் சிறு வண்ணக் கட்டத்தைத் தொகுப்பாளர்கள் பலர் அலங்காரமாகவே கருதுகிறார்கள். வாசகரோ முதலில் அதைத்தான் பார்க்கிறார். தொகுதிவாரி வரைபடத்துக்கு வந்தால் கட்சிப் பெயருக்கே இடமிருக்காது. எந்தத் தொகுதியில் யார் வென்றார்கள் என்பதை நிறம் மட்டுமே சொல்லும். ஆகவே ஒரு கட்சியின் நிறத்தைப் பதிவு செய்யும்போது, அது தொடங்கப்பட்ட ஆண்டைப் பதிவு செய்யும்போது காட்டும் அதே கவனத்தைக் காட்ட வேண்டும். அதற்குரிய சான்றையும் தேட வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் இரண்டு செய்திகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். கட்சி தனக்கென அறிவித்துக்கொண்ட நிறம் ஒன்று. அட்டவணையிலும் வரைபடத்திலும் அந்தக் கட்சியைக் காட்ட நாம் தேர்ந்துகொள்ளும் நிறம் மற்றொன்று. முன்னது சான்றிலிருந்து வரும் தகவல், பின்னது தொகுப்பாளர்களின் தீர்மானம். இந்திய தேசிய காங்கிரசின் கொடி மூவண்ணமானது. ஆனால் தேர்தல் வரைபடங்களில் அது பெரும்பாலும் வெளிர் நீலத்தில் காட்டப்படுகிறது. ஜெர்மனியின் கிறித்தவ ஜனநாயக ஒன்றியம் 2023இல் நீலமும் நீலப்பச்சையும் கொண்ட புதிய தோற்றத்தை அறிமுகப்படுத்தியது. இருந்தும் தேர்தல் வரைபடங்களில் அக்கட்சிக்குக் கருப்பே தொடர்கிறது. இவ்விரண்டையும் ஒரே புலத்தில் (தகவலை நிரப்பும் இடத்தில்) போட்டு வைத்தால், ஒருவர் கொடியைக் காட்டித் திருத்துவார், மற்றொருவர் வரைபடத்தைக் காட்டி மீட்பார், சண்டை ஓயாது. விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளமான விக்கித்தரவில் அதிகாரபூர்வ நிறத்துக்கு பி6364 என்ற பண்பும், திரைக்கான நிறக்குறியீட்டுக்கு பி465 என்ற பண்பும் தனித்தனியே இருக்கின்றன. உங்கள் தளத்திலும் இரண்டு புலங்களை வைத்துக்கொள்வதே நல்லது.

சான்று தேடும்போது கட்சியே வெளியிட்ட வடிவமைப்புக் கையேட்டுக்கு முதலிடம் கொடுங்கள். அது கிடைக்காதபோது, கொடியை விவரிக்கும் கட்சியின் அமைப்பு விதிகளையும், அதன் இணையதளத்தில் உள்ள சின்னத்தையும் நாடலாம். ஒளிபரப்பு நிறுவனங்களின் தேர்தல் வரைபடங்கள், வரைபட நிறத்துக்கு நல்ல சான்று. அதிகாரபூர்வ நிறத்துக்கு அவற்றைச் சான்றாகக் கொள்ளக் கூடாது. செய்தித்தளத்தின் வரைபடக்காரர் நம்முடைய கட்டுரையிலிருந்தே நிறத்தை எடுத்திருக்க வாய்ப்புண்டு என்பதால், செய்தி வெளியான நாளையும் நம் பக்கத்தில் அந்த நிறம் சேர்க்கப்பட்ட நாளையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அதைச் சான்றாக ஏற்க வேண்டும்.

அடுத்தது குறியீட்டை எடுப்பது. திரை நிறம் ஆறு இலக்கப் பதினறுமக் குறியீடாக (0 முதல் 9 வரையும் A முதல் F வரையும் உள்ள குறிகளால்) எழுதப்படுகிறது. முதல் இரண்டு இலக்கங்கள் சிவப்பையும், அடுத்த இரண்டு பச்சையையும், கடைசி இரண்டு நீலத்தையும் குறிக்கும். சின்னம் எஸ்விஜி கோப்பாக (படத்தை உரைக் கட்டளைகளாகச் சேமிக்கும் வடிவத்தில்) கிடைத்தால், அதை உரைத்திருத்தியில் திறந்து, நிரப்பு நிறமாக எழுதப்பட்டிருக்கும் மதிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்; இதைவிடத் துல்லியமான வழி இல்லை. ஜேபெக் படத்தில் நிறம் உறிஞ்சும் கருவியை வைத்து எடுப்பது நம்பத்தக்கதன்று. சுருக்கப்பட்ட படத்தில் ஒரே சிவப்புப் பரப்பின் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள்கூட வெவ்வேறு மதிப்பைக் காட்டும், ஓரங்களிலோ பின்புல நிறம் கலந்திருக்கும். வெயிலில் வெளுத்த கொடியின் நிழற்படத்தையும், திரைப்பிடிப்பையும் இதே காரணத்துக்காக விலக்குங்கள். கையேட்டில் அச்சு மை அளவுகள் மட்டும் தரப்பட்டிருந்தால், அவற்றைத் திரை நிறமாக மாற்றும்போது விடை மாற்றும் மென்பொருளின் வண்ணச் சுயவிவரத்தை, அதாவது நிறங்களை எப்படி மாற்றுவது என்ற அமைப்பைப் பொறுத்து மாறும். எனவே கிடைத்த குறியீட்டுடன் ‘மாற்றிப் பெறப்பட்டது’ என்ற குறிப்பையும் எழுதி வையுங்கள்.

நிறத்தைப் பெயரால் எழுதும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். வலைப்பக்க மொழியில் ‘கிரீன்’ என்று எழுதினால் முழுப் பச்சை வராது, 008000 என்ற அடர்பச்சை வரும். ‘டார்க்கிரே’ (அடர்சாம்பல்) என்ற பெயருக்குரிய நிறமோ, வெறும் ‘கிரே’யின் (சாம்பல்) 808080ஐவிட வெளிறியது. சுயேச்சைகளுக்கு ஒருவர் ஒரு பெயரையும், காலியிடத்துக்கு மற்றொருவர் மற்றொரு பெயரையும் இட்டுவிட்டால், இரண்டும் இடம் மாறித் தோன்றும்.

எடுத்த குறியீட்டைக் கட்டுரைகளில் நேரடியாக எழுதாமல், ஒரே ஒரு மையப் பட்டியலில் சேர்த்து, அங்கிருந்து வார்ப்புரு (பல பக்கங்களில் செருகத்தக்க பொதுத் துண்டு) மூலம் அழையுங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் முன்பு ஒவ்வொரு கட்சியின் நிறத்துக்கும் தனி வார்ப்புரு இருந்தது. பின்னர் அவையெல்லாம் லுவா என்ற நிரல்மொழியில் அமைந்த தரவுப் பக்கங்களுக்கு மாற்றப்பட்டன. சிறிய தளமாக இருந்தாலும் இதே ஒழுங்கு தேவை. கட்சியின் முழுப்பெயர், சுருக்கப்பெயர், பழைய பெயர் ஆகிய மூன்றும் ஒரே பதிவுக்கு வழிமாற்றாக இருக்கட்டும். இல்லையெனில் பெயர் மாறிய கட்சி ஒன்று, பழைய பெயரில் ஒரு நிறத்தோடும் புதிய பெயரில் வேறொரு நிறத்தோடும் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும்.

காலத்தைக் குறிப்பிடாத நிறம் அரைகுறைத் தகவலே. ஆஸ்திரிய மக்கள் கட்சி நெடுங்காலம் கருப்பால் அறியப்பட்டு, 2017இல் செபாஸ்டியன் குர்சின் தலைமையில் நீலப்பச்சைக்கு மாறியது. 2013 தேர்தல் பக்கத்தில் நீலப்பச்சையை இடுவது காலப்பிழை. அதே சமயம் பல தேர்தல்களின் வாக்கு விகிதத்தை ஒரே கோட்டில் காட்டும்போது, நடுவில் நிறத்தை மாற்றினால் ஒரு கட்சி மறைந்து மற்றொன்று முளைத்ததுபோலத் தோன்றும். தனித் தேர்தல் பக்கத்தில் அந்தந்தக் கால நிறம், நீள்காலக் கோட்டுப்படத்தில் ஒரே நிறமும் அடிக்குறிப்பும் என்பதே என் பரிந்துரை. பழைய வரைபடங்களைச் சான்றாக எடுக்கும்போது நிறவிளக்கத்தைப் படிக்காமல் முடிவுக்கு வராதீர்கள். அமெரிக்காவில் குடியரசுக் கட்சிக்குச் சிவப்பு, ஜனநாயகக் கட்சிக்கு நீலம் என்ற வழக்கம் 2000ஆம் ஆண்டுத் தேர்தலை ஒட்டியே நிலைபெற்றது. 1976இல் என்பிசி தொலைக்காட்சியின் வரைபடத்தில் ஜனநாயகக் கட்சியின் கார்ட்டர் வென்ற மாநிலங்கள் சிவப்பிலும் ஃபோர்டு வென்றவை நீலத்திலும் ஒளிர்ந்தன.

இரண்டு கட்சிகளின் நிறம் மோதும்போதுதான் தொகுப்பாளரின் தீர்ப்புக்கு வேலை வருகிறது. திமுக, அதிமுக ஆகிய இரண்டின் கொடிகளும் கருப்பு சிவப்பே. இத்தகைய நிலையில் அதிகாரபூர்வ நிறப் புலத்தில் கைவைக்காமல், வரைபட நிறத்தில் மட்டும் ஒரு கட்சிக்கு வேறு நிறத்தைத் தேர்ந்து, காரணத்தைத் தொகுப்பாளர்கள் கலந்துரையாடும் பேச்சுப் பக்கத்தில் எழுதுங்கள். யாரும் பார்த்துப் பழகாத நிறத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம். ஊடகங்களில் ஏற்கெனவே வழங்கும் நிறமே வாசகருக்குப் புரியும்.

படிக்கத்தக்கதாக இருக்கிறதா என்பதையும் கணக்கிட்டே பார்க்க வேண்டும், கண் மதிப்பீடு போதாது. வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டுதல்கள் சாதாரண எழுத்துக்கு 4.5:1 என்ற மாறுபாட்டு விகிதத்தை (எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையிலான ஒளிர்வு விகிதத்தை) கோருகின்றன. தூய சிவப்பின் மேல் வெள்ளை எழுத்து ஏறத்தாழ 4:1தான் தரும். கருப்பு எழுத்தோ 5.25:1 தரும். தூய மஞ்சளின் மேல் வெள்ளை எழுத்து 1.07:1, அதாவது படிக்கவே முடியாது. இதைச் சரிசெய்யக் கட்சி நிறத்தை மாற்றிவிடாதீர்கள். எழுத்தை நிறக் கட்டத்துக்கு வெளியே கொண்டுவாருங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத வாசகர்களுக்காக, நிறத்தோடு கட்சியின் சுருக்கப்பெயரும் எப்போதும் இருக்க வேண்டும்.

மையப் பட்டியலைத் திருத்தினால் அட்டவணைகள் மாறும், வரைபடப் படக்கோப்புகள் மாறா. அவை தமக்குள்ளேயே நிறத்தைச் சுமந்திருக்கின்றன. எஸ்விஜி வரைபடம் வரைபவர்கள் ஒவ்வொரு தொகுதிக்கும் தனித்தனியே நிறம் எழுதாமல், கட்சிக்கொரு வகுப்பு (ஒரே நிறம் பெறும் தொகுதிகளுக்கான பொதுப்பெயர்) வைத்து, நிறத்தைக் கோப்பின் தலைப்பகுதியில் ஒரே வரியில் எழுதினால், பின்னாளில் அந்த ஒரு வரியைத் திருத்தினாலே போதும். ஆகவே நிறத்தை மாற்ற விரும்புபவர், முதலில் அந்தப் பதிவு எந்தெந்தப் பக்கங்களில் பயன்படுகிறது என்ற பட்டியலை எடுத்து, பழைய குறியீடு, புதிய குறியீடு, சான்று ஆகியவற்றைப் பேச்சுப் பக்கத்தில் முன்வைத்து, மறுப்பு வரச் சில நாள் இடம் கொடுக்க வேண்டும். மாற்றிய பின், தொகுப்புச் சுருக்கத்தில் (மாற்றத்தை விளக்கும் சிறு குறிப்பில்) அந்த உரையாடலுக்கு இணைப்புக் கொடுத்து, மாறாமல் நிற்கும் வரைபடக் கோப்புகளின் பெயர்களையும் அங்கேயே பட்டியலிட்டால், அடுத்து வருபவர் விட்ட இடத்திலிருந்து தொடர முடியும்.