கடை நேரத்தில் வரும் கணினி அப்டேட்: நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி மூன்று நாள். நீடாமங்கலம் பக்கத்தில் இருக்கும் என் சேவை மையத்தின் வாசலில் பதினைந்து பேர் நின்றார்கள். வெளியே தூறல். சிட்டா, விஏஓ கொடுத்த அடங்கல், ஆதார் நகல், பாஸ்புக்கின் முதல் பக்கம் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பைக்குள் சுருட்டி நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்த ஒரு பெரியவரின் முறை வந்தது. சர்வே எண்ணை அடித்துக்கொண்டிருந்தேன். திரை சட்டென்று மாறியது. சுற்றிச் சுற்றி வரும் வெள்ளைப் புள்ளிகள், அதற்குக் கீழே 27%.

“கரண்டு இருக்குல்ல தம்பி, அப்பறம் ஏன் நின்னுபோச்சு?”

“அப்டேட் ஓடுது பெரியப்பா. பத்து நிமிஷம் உக்காருங்க.”

பத்து நிமிடம் நாற்பது நிமிடம் ஆனது. 27 நகரவே இல்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டேன். மறுபடி போட்டபோது கணினி எழுந்திருக்கவில்லை. மீதி இருந்த எல்லோரையும் மன்னார்குடிக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அந்தப் பெரியவர் பையை மடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

அதற்கு முந்தைய இரண்டு வாரமும் அந்தக் கணினி ‘ரீஸ்டார்ட் செய்யலாமா’ என்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் ‘பிறகு’ என்று தள்ளியவன் நான்தான். அன்றிலிருந்து அப்டேட் விஷயத்தில் நானும், நான் சர்வீஸ் பார்க்கும் கடைகளும் செய்த தவறுகளைக் குறித்து வைக்க ஆரம்பித்தேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அப்டேட் மீது மக்களுக்கு இருக்கும் கோபம் நியாயமானது. விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலை 29 அன்று. விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு ஓராண்டு இலவசம் என்றார்கள். மாறச் சொல்லி ஒரு அறிவிப்புப் பெட்டி தினமும் வந்தது. 2016 மே மாதவாக்கில், அந்தப் பெட்டியின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி மூடினாலும், குறித்த நேரத்தில் மேம்படுத்தல் தானாகவே நடந்தது. மூடினால் வேண்டாம் என்றுதானே பொருள்? உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பிய பிறகே அதை மாற்றினார்கள். கேட்காமல் வந்த மேம்படுத்தலால் தன் தொழில் கணினி கெட்டது என்று கலிபோர்னியாவில் ஒரு பெண் வழக்குப் போட்டு, 10,000 டாலர் இழப்பீடு வாங்கினார். 2018 அக்டோபரில் வந்த பெரிய அப்டேட் சிலருடைய சொந்தக் கோப்புகளையே அழித்தது. மைக்ரோசாப்ட் அதைச் சில நாட்களில் நிறுத்தி, சரிசெய்து, நவம்பரில் மறுபடி வெளியிட்டது. 2021 மார்ச்சில் வந்த ஒன்றால், சில பிரிண்டர்களுக்குப் பிரிண்ட் கொடுத்த மாத்திரத்தில் திரை நீலமாகிக் கணினி நின்றது. ஆகவே ‘அப்டேட் எப்போதும் நல்லது, கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள்’ என்று நான் சொல்லப்போவதில்லை.

மொத்தமாக அடைத்துவிடுவது

ஆனால் இந்தக் கோபத்தில் நாம் செய்யும் முதல் காரியம்தான் மிகப் பெரிய தவறு. சர்வீஸ் செய்ய வருபவரிடம், “அண்ணே, இந்த அப்டேட்டே இனிமே வராம பண்ணிடுங்க” என்கிறோம். அவரும் சர்வீசஸ் பட்டியலில் போய் ‘விண்டோஸ் அப்டேட்’டை முடக்குகிறார், இல்லையென்றால் எங்கிருந்தோ ஒரு ‘பிளாக்கர்’ மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டுவந்து போடுகிறார். முடக்கிய சர்வீஸை விண்டோஸ் பெரும்பாலும் தானே உயிர்ப்பித்துக்கொள்ளும். பிளாக்கர் யார் செய்தது, உள்ளே வேறென்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

2017 மே மாதம் வான்னாகிரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் 150 நாடுகளுக்கு மேல் பரவியது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளே ஸ்தம்பித்தன. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வந்துவிட்டது. இரண்டு மாதமாக அதைப் போடாத கணினிகளில்தான் அது புகுந்தது. நம் கடைக் கணினியில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஊரில் பாதிப் பேருடைய ஆதார் நகல், பாஸ்புக் படம், பட்டா. அந்த நம்பிக்கையில்தான் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

வாய்க்காலில் நம் முறை நடுச்சாமத்தில் வருகிறது என்பதற்காக யாரும் மடையை மண் போட்டு ஒரேயடியாக மூடுவதில்லை. முறையை மாற்றிக் கேட்போம். இங்கும் கேட்க வழி இருக்கிறது. அது பலருக்குத் தெரியாமலேயே இருக்கிறது.

நாளும் நேரமும் தெரியாமல் இருப்பது

மைக்ரோசாப்டின் பாதுகாப்பு அப்டேட்கள் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியாகும். அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணி. நவம்பரில் நமக்கு அது இரவு 11.30. அப்படியானால் புதன்கிழமை காலை நாம் கடை திறந்து இணையத்தைப் போடும்போது அது வாசலில் நிற்கும்.

இப்போது நாட்காட்டியை எடுங்கள். இரண்டாவது செவ்வாய் எந்த மாதத்திலும் 8ஆம் தேதிக்கும் 14ஆம் தேதிக்கும் இடையில்தான் வரும். நம் மாவட்டங்களில் சம்பா காப்பீட்டுக்குக் கடந்த சில ஆண்டுகளாகக் கடைசி நாள் நவம்பர் 15. (பல தடவை பிறகு நீட்டித்தார்கள், ஆனால் நீட்டிப்பார்கள் என்று நம்பி யாரும் வீட்டில் உட்கார்ந்திருப்பதில்லை.) கடையில் கூட்டம் அலைமோதும் அந்த வாரத்துக்கும் அப்டேட் வரும் வாரத்துக்கும் வருடா வருடம் முட்டிக்கொள்கிறது. இது தெரிந்த பிறகுதான் அன்று என் கடையில் நடந்தது ஏன் என்று எனக்கே புரிந்தது.

இதற்கு நான் செய்வது இதுதான். அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, நிலுவையில் இருக்கும் எல்லா அப்டேட்டையும் போட்டு முடிப்பேன். நவம்பர் முதல் வாரத்தில் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போய் ‘பாஸ் அப்டேட்ஸ்’ (Pause updates) கொடுப்பேன். அதிகபட்சம் ஐந்து வாரம் நிறுத்தி வைக்கலாம். ஐந்து வாரம் முடிந்ததும் வந்திருப்பதைப் போட்டால்தான் மறுபடி நிறுத்த விடும். அது நல்லதுதான். காப்பீட்டு வேலை முடிந்த பிறகு ஒரு இரவு ஒதுக்கிவிடலாம். பள்ளித் தேர்வு முடிவு, கல்லூரி விண்ணப்பம் என்று கூட்டம் வரும் மாதங்களிலும் இதே வழிதான்.

அடுத்தது ‘ஆக்டிவ் அவர்ஸ்’. இந்த நேரத்துக்குள் தானாக ரீஸ்டார்ட் ஆகாதே என்று கணினிக்கு நாம் சொல்லும் நேரம் அது. பல கணினிகளில் காலை 8 முதல் மாலை 5 வரை என்றே இருக்கும். அது அலுவலகக் கணக்கு. நம் ஊரில் வயல் வேலை, நூறு நாள் வேலை முடிந்து ஆட்கள் கடைக்கு வருவதே மாலை 5 மணிக்கு மேல்தான். ‘மேனுவல்’ என்று மாற்றி, காலை 7 முதல் இரவு 11 வரை வையுங்கள். 18 மணி நேரம் வரை அனுமதிக்கும். இரண்டு நிமிட வேலை இது. நான் போன கடைகளில் பத்தில் ஒன்றிலாவது இதை முன்கூட்டியே மாற்றி வைத்திருந்தார்களா என்றால் இல்லை.

இரவு ‘அப்டேட் அண்ட் ஷட் டவுன்’ கொடுத்துவிட்டு ஷட்டரை இறக்கிவிட்டுப் போவதும் ஒரு தவறுதான். பாதி வேலை இரவில் நடக்கும், மீதி காலையில் முதல் வாடிக்கையாளர் எதிரே நடக்கும். ‘அப்டேட் அண்ட் ரீஸ்டார்ட்’ கொடுத்து, திரும்ப வந்து பாஸ்வேர்டு கேட்கும் வரை இருந்துவிட்டு அணையுங்கள்.

இன்னொன்று: தினமும் ஷட் டவுன் செய்வதால் ரீஸ்டார்ட் தேவையில்லை என்று நினைக்காதீர்கள். ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இருக்கும் கணினி ஷட் டவுனில் முழுதாக அணைவதில்லை. ரீஸ்டார்ட்தான் முழுசாக எழுப்பும்.

பாதியில் பிடுங்குவது

நான் செய்த தவறு இதுதான், டெல்டாவில் அதிகம் நடப்பதும் இதுதான். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் சதவீத எண் ஒரே இடத்தில் ஒரு மணி நேரம்கூட நிற்கும். எண் நிற்பதால் வேலை நிற்கிறது என்று பொருளில்லை. கேபினெட்டின் முன்னால் இருக்கும் சின்ன ஹார்ட் டிஸ்க் விளக்கைப் பாருங்கள். அது விட்டுவிட்டு மின்னினால் உள்ளே எழுதிக்கொண்டிருக்கிறது. தொடாதீர்கள். மணிக்கணக்கில் விளக்கே மின்னாமல் கிடந்தால்தான் பொத்தானைப் பற்றி யோசிக்க வேண்டும்.

நாம் பிடுங்காவிட்டாலும் மின்சாரம் பிடுங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு காற்று அடித்தால் போதும், லைன் போய்விடும். கடை யுபிஎஸ் புதிதாக இருந்தால் பத்து, பதினைந்து நிமிடம் தாங்கும். மூன்று வருட பேட்டரி இரண்டு நிமிடத்தில் கூவி அடங்கிவிடும். மின்தடை அறிவித்திருக்கும் நாளிலும் மழை இருட்டிக்கொண்டு வரும்போதும் அப்டேட்டை ஆரம்பிக்காதீர்கள். லேப்டாப் என்றால் முழுக்கச் சார்ஜ் ஏற்றி, சார்ஜரோடு வைத்துப் போடுங்கள்.

மழையில் பிராட்பேண்ட் போனதும் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் வேலை பார்ப்போம். அந்த நாளுக்கான ஒன்றரை ஜிபியை அப்டேட் விழுங்கிவிடும், விண்ணப்பம் அனுப்ப டேட்டா இருக்காது. அந்த ஹாட்ஸ்பாட்டின் பிராப்பர்ட்டீஸில் ‘மீட்டர்டு கனெக்ஷன்’ என்பதை ஆன் செய்துவிட்டால் பெரிய டவுன்லோடுகள் பெரும்பாலும் காத்திருக்கும்.

அப்டேட்டையும் அப்கிரேடையும் ஒன்றாக நினைப்பது

மாதாமாதம் வருவது ஓட்டை அடைக்கும் வேலை. 10இலிருந்து 11க்கு மாறுவது வீட்டையே மாற்றுவது. முன்னதைத் தள்ளிப்போடலாம், தவிர்க்கக் கூடாது. பின்னதை நம் வசதிக்கு நாமே தீர்மானிக்க வேண்டும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. ‘இனி உங்க கம்ப்யூட்டர் ஓடாது’ என்று சொல்லிப் புதுக் கணினி விற்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கணினி ஓடும், பாதுகாப்பு அப்டேட்தான் வராது. அதையும் தனி வீட்டுப் பயனாளர்கள் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ள மைக்ரோசாப்ட் வழி வைத்தது. மைக்ரோசாப்ட் கணக்கில் செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே ‘என்ரோல்’ என்று வரும்.

விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். சென்னை ரிச்சி தெருவிலிருந்து வாங்கி வந்த மூன்றாம், நான்காம் தலைமுறை ஐ3 கணினிகள்தான் நம் பக்கத்துக் கடைகளில் நிறைய. குறுக்குவழியில் 11ஐ ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், தொழில் கணினியில் வேண்டாம் என்பதே என் கருத்து. அப்படி ஏற்றியதற்கு அப்டேட் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

மாறுவதற்கு முன் டேலி கணக்கு டேட்டா, புகைப்படங்கள், டெஸ்க்டாப்பில் கிடக்கும் கோப்புகள் அனைத்தையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துவையுங்கள். மாறிய பிறகு கைரேகைக் கருவி, பிரிண்டர், ஸ்கேனர் மூன்றையும் அன்றே இயக்கிப் பாருங்கள். ஏதாவது மக்கர் செய்தால் 10 நாட்களுக்குள் ரெகவரி பகுதியில் ‘கோ பேக்’ கொடுத்துப் பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். சி டிரைவில் இடம் இல்லையென்று ‘விண்டோஸ் டாட் ஓல்டு’ என்ற ஃபோல்டரை அவசரப்பட்டு அழித்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

கும்பகோணம் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகங்களில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளும் பாமினி எழுத்துருவும்தான் ஓடுகின்றன. முகூர்த்த நேரத்தில் அந்தக் கணினியில் கை வைக்க அவர்கள் பயப்படுவது சரிதான். அவர்களுக்கு நான் சொல்வது: அந்த ஒரு கணினிக்கு இணையமே கொடுக்காதீர்கள், மெயில் பார்க்க வேறு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவை முதலில் அந்த இன்னொன்றில் செருகி ஸ்கேன் செய்யுங்கள்.

பிரவுசருக்குள் ‘உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, இங்கே அழுத்துங்கள்’ என்று வந்தால் அது அப்டேட் இல்லை, மோசடி. விண்டோஸ் அப்டேட்டை செட்டிங்ஸில் மட்டும் தேடுங்கள்.

கடைசியாக, புது லேப்டாப் வாங்கும் மாணவர்களுக்கு. முதன்முதலில் ஆன் செய்யும்போது கேட்கும் மைக்ரோசாப்ட் கணக்குக்கு உங்கள் சொந்த மின்னஞ்சலைக் கொடுங்கள். இன்றைய லேப்டாப்கள் பலவற்றில், டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் தானாகவே விழுகிறது. பிறகு ஒரு நாள் பயாஸ் (கணினியை முதலில் எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் முடிந்ததும் 48 இலக்க ரெகவரி கீ கேட்கலாம். அந்தக் கீ, ஆரம்பத்தில் கொடுத்த கணக்கில்தான் இருக்கும். மன்னார்குடியில் படிக்கும் ஒரு பெண் புராஜெக்ட் ஒப்படைக்கும் வாரத்தில் என்னிடம் லேப்டாப்போடு வந்து நின்றது. வாங்கிய கடையில் யாரோ ஒருவருடைய மின்னஞ்சலைப் போட்டு ஆன் செய்து கொடுத்திருக்கிறார்கள். அந்த ஆளும் வேலையை விட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் அலைந்து, திருப்பூரில் இருந்த அவரைப் போனில் பிடித்து, அவர் தன் கணக்கைத் திறந்து ஆறு ஆறு எண்களாகச் சொல்லச் சொல்ல அந்தப் பெண் அடித்தது. எட்டாவது தொகுதியை அடித்து என்டரைத் தட்டியதும் டெஸ்க்டாப் வந்தது. முதல் வேலையாகப் புராஜெக்டைப் பென் டிரைவில் எடுத்து, அந்த 48 எண்ணையும் நோட்டின் பின்னட்டையில் எழுதிக்கொண்டுதான் கிளம்பியது.