ஊருக்குள் செயலியோடு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர், புதுச்சேரி கடலோரத்தில் செயலியும் வாட்ஸ்அப் குழுவும் வைத்து மக்களோடு சேர்ந்து ஆய்வு செய்ய வருகிறவர்கள் முதலில் சறுக்குவது அனுமதி விஷயத்தில். மீனவ ஊரில் பஞ்சாயத்தாரைப் பார்க்காமல் எதையும் தொடங்கக் கூடாது. ஆனால் அவர்கள் சரியென்றதும் ஊரே சம்மதித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. மீன் விற்கும் பெண்கள் அந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் இருப்பதில்லை. அவர்கள் சந்தையிலிருந்து திரும்பிய பிறகு தனியாகக் கேளுங்கள். ஆங்கிலப் படிவத்தில் வாங்கும் கைநாட்டு சம்மதமே அல்ல. சம்மதக் கோரிக்கையைத் தமிழில் படிக்க வழி வேண்டும், கொடுத்த சம்மதத்தை அதே சுலபத்தில் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து, ஆலை மாசைப் பற்றிப் புகார் சொன்னவரைக் காட்டிக்கொடுப்பது. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமத்தார் 2004-லேயே பிளாஸ்டிக் வாளிக்குள் பையை வைத்துத் தாங்களே காற்று மாதிரி எடுத்தவர்கள். அப்படியொரு பதிவை இன்று வரைபடத்தில் புள்ளியாகப் போட்டால், பத்து வீடு இருக்கிற தெருவில் அனுப்பியது யார் என்று யாரும் கண்டுபிடித்துவிடலாம். அந்த வீட்டுப் பையன் அதே ஆலையில் ஒப்பந்தக் கூலியாக இருந்தால் வேலைக்கே உலை. புள்ளி வேண்டாம், கிராமத்தின் பெயர் போதும். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தவர் எண் மற்ற எல்லோருக்கும் தெரியும். படத்தை போட்டோவாக அனுப்பினால் அதிலுள்ள இடத்தகவல் நீங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் கூடவே போகும். இதை வாயால் சொன்னால் போதாது, போனில் செய்து காட்டுங்கள்.

அடுத்தது, நிதி முடிந்ததும் கைகழுவிவிட்டுப் போவது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அலை உயரத்தை இணையத்தில் பார்த்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரிலிருந்து போனில் வந்த எச்சரிக்கையை நல்லவாடு மையத்து ஒலிபெருக்கியில் சொல்லித்தான் மக்களைக் கரையிலிருந்து வெளியேற்றினார்கள். கருவி ஊர்க்காரர் கையில் இருந்ததால் அது நடந்தது. இன்றைய செயலியின் கடவுச்சொல்லோ வேறு ஊரிலுள்ள ஓர் ஆய்வாளரிடம் இருக்கிறது. அவர் வேலை மாறினால் ஊரின் பதிவுகளும் போயின.

சர்வர் கட்டணத்தை யார் கட்டுவார், பதிவுகளின் நகல் ஊரில் யாரிடம் இருக்கும், பெயரும் எண்ணும் எந்தத் தேதியில் அழிக்கப்படும்? இவற்றைத் தமிழில் எழுதி மீன் இறங்குதளத்தில் ஒட்டிய பிறகு முதல் பதிவை வாங்குங்கள்.