கிரகண நிழல் ஏன் கிழக்கே ஓடுகிறது? புவிமையம், சூரியமையம் இரண்டிலும் கணக்குப் போடும் முறை

2019 டிசம்பர் 26 கங்கண (சூரியன் வளையமாகத் தெரியும்) கிரகணத்தின் நிழல் சவூதியில் தரைதொட்டு, ஓமன், கோவை, திண்டுக்கல், யாழ்ப்பாணம், சிங்கப்பூர் என்று கிழக்கே ஓடியது. வானத்தில் சூரியனும் நிலவும் மேற்கே போகும்போது நிழல் மட்டும் எப்படி எதிர்த்திசையில் போகும்? பூமி சுற்றவில்லை என்பவர்களும் அவர்களுக்குப் பதில் சொல்பவர்களும் தடுமாறுவது இங்கேதான். கால்குலேட்டர் போதும். நிலநடுக்கோடு, நடுப்பகல், சராசரித் தூரங்கள் என்று வைத்துக்கொள்வோம். சுற்றுப்பாதைச் சாய்வை விட்டுவிடலாம்.

பூமி சுழன்றபடி சூரியனைச் சுற்றுகிறது என்று கொள்ளும் சூரியமையக் கணக்கு சின்னது. நிலவு சூரியனை மணிக்கு 0.508° கிழக்கே முந்துகிறது, அதாவது 0.00887 ரேடியன் (கோண அளவு; தூரத்தால் பெருக்கினால் நகர்ந்த நீளம் வரும்). இதை நிலவின் தூரமான 3,84,400 கி.மீ.யால் பெருக்கினால் நிழலின் வேகம் மணிக்குச் சுமார் 3,410 கி.மீ. தரையும் 1,670 வேகத்தில் கிழக்கே சுழல்வதால் அதைக் கழியுங்கள்: மணிக்கு 1,740 கி.மீ., கிழக்கே.

புவிமையத்தில் பூமி அசையாது. சூரியன் மணிக்கு 15° (0.2618 ரேடியன்), நிலவு 14.492° (0.25293 ரேடியன்) மேற்கே போகின்றன. கீழே வேகமெல்லாம் மணிக்கு.

1. நிலவின் வேகம்: 0.25293 × 3,84,400 = 97,230 கி.மீ.
2. சூரியனின் வேகம்: 0.2618 × 14.96 கோடி கி.மீ. (சூரியனின் தூரம்) = 3,91,65,000 கி.மீ.
3. இரண்டின் வித்தியாசம்: சுமார் 3,90,68,000.
4. நிலவிலிருந்து தரை 3,78,030 கி.மீ.; சூரியனிலிருந்து நிலவு 14,92,15,600 கி.மீ. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.0025334.
5. மூன்றாம், நான்காம் படிகளின் விடைகளைப் பெருக்கினால் 98,980; இது நிலவைப் பொறுத்து நிழல் கிழக்கே தள்ளப்படும் வேகம். அதில் நிலவின் மேற்கு வேகம் 97,230 கழிய, மிச்சம் 1,750, கிழக்கே.

கிணற்று ஏற்றம் மாதிரிதான் இது. சூரிய முனை மேற்கே போகும்போது, நிலவைத் தாங்குபுள்ளியாகக் கொண்டு நிழல் முனை கிழக்கே தள்ளப்படுகிறது. தாங்குபுள்ளியே மேற்கே நகர்ந்தாலும் தள்ளல்தான் கொஞ்சம் மிஞ்சுகிறது. முதல் கணக்கில் 10 கி.மீ. குறைந்ததற்குக் காரணம், கதிர்களை இணையாக எடுத்தது.

வழக்கமான பிழை, சூரியனை மறந்து நிலவை மட்டும் நகர்த்துவது. நிழல் 97,230 வேகத்தில் மேற்கே பாயும்! நான்காம் படியில் பூமியின் ஆரம் 6,370-ஐக் கழிக்காவிட்டால் 3,420 வரும். அது சுழற்சியைக் கழிக்காத பழைய எண்தான். 14.492-ஐ 14.5 என்று முழுமையாக்கினாலே விடையில் 50 கி.மீ. போய்விடும், ஏனென்றால் இரண்டு பெரிய எண்களைக் கழிக்கிறோம்.

ஆகவே நிழலின் திசையை வைத்து எந்த மாதிரியையும் வீழ்த்த முடியாது. அதற்கு 1851-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ பூமியின் சுழற்சியைக் காட்டிய ஊசலைப் போன்ற சான்று வேண்டும்.

இந்த 1,750-ஐக் கோவைக்கு அப்படியே போடாதீர்கள். அங்கே காலை 9.30 மணியளவில் சூரியன் சாய்வாக இருந்தது; கதிர் சாய்ந்து விழுந்தால் நிழல் தரையில் நீளும், வேகமும் கூடும்.