எந்த இடத்துக்கும் எந்த நாளுக்கும் பகலின் நீளத்தைக் கணக்கிடும் முறை

ஓரிடத்தில் பகல் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதை அவ்விடத்தின் அட்சரேகையும் ஆண்டில் அது எத்தனையாவது நாள் என்பதும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. தீர்க்கரேகை சூரியன் உதிக்கும் கடிகார நேரத்தை மாற்றுமே தவிர, பகலின் நீளத்தை மாற்றுவதில்லை. விடையைச் சொல்லும் செயலிகள் பல இருந்தாலும், விரிதாளில் நாமே கணக்கிடுவதையே நான் பரிந்துரைக்கிறேன். அட்சரேகையை மாற்றியவுடன் ஆண்டு முழுவதற்குமான வளைகோடு உயர்ந்து தாழ்வதைப் பார்ப்பதற்கு ஈடான விளக்கம் வேறில்லை.

படி 1: ஜனவரி 1-ஐ 1 எனக் கொண்டு நாளெண்ணை எழுதுங்கள். ஜூன் 21-இன் நாளெண் 172.

படி 2: நாளெண்ணிலிருந்து 81-ஐக் கழித்து, 360-ஆல் பெருக்கி, 365-ஆல் வகுத்தால் ஒரு கோணம் கிடைக்கும். அதன் சைன் மதிப்பை 23.44-ஆல் பெருக்குங்கள். இதுவே சூரியனின் விலக்கம், அதாவது நிலநடுக்கோட்டுத் தளத்துக்கு வடக்கே அல்லது தெற்கே சூரியன் இருக்கும் கோணம்; 23.44 பாகை என்பது புவியச்சின் சாய்வு. விரிதாள் கோணங்களை ரேடியன் என்ற அலகில்தான் ஏற்கும் என்பதால், பாகையை ரேடியனுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

படி 3: அட்சரேகை, விலக்கம் ஆகிய இரண்டின் டேன்ஜென்ட் மதிப்புகளைப் பெருக்கி, எதிர்க்குறி இட்டு, நேர்மாறு கொசைன் காணுங்கள். புவி மணிக்கு 15 பாகை சுழல்வதால், ரேடியனில் கிடைக்கும் அந்த விடையைப் பாகைக்கு மாற்றி, 2-ஆல் பெருக்கி 15-ஆல் வகுத்தால் பகலின் நீளம் மணிக்கணக்கில் வந்துவிடும். தென் அட்சரேகைகளுக்கு எதிர்க்குறி இடுவது கட்டாயம்.

இந்த வழியில் வடக்கு 60 பாகைக்கு ஜூன் 21 அன்று 18 மணி 29 நிமிடம் கிடைக்கிறது. பஞ்சாங்க அட்டவணைகளோ 18 மணி 52 நிமிடம் என்கின்றன. எனக்கு நீண்ட நேரம் பிடிபடாதிருந்தது இந்த 23 நிமிட வேறுபாடுதான். சூத்திரம் சூரியனை ஒரு புள்ளியாகவும் காற்று மண்டலமே இல்லாததாகவும் கருதுகிறது. ஆனால் உதயம் என்பது சூரிய வட்டின் மேல்விளிம்பு அடிவானத்தைத் தொடும் கணமாகும். வட்டின் அரைவிட்டம் ஏறத்தாழ 16 கலை (60 கலை ஒரு பாகை), அடிவானத்தில் ஒளிவிலகல் ஏறத்தாழ 34 கலை. ஆக, வட்டின் மையம் 0.833 பாகை கீழே இருக்கும்போதே பகல் தொடங்கிவிடுகிறது.

படி 4: ஆகவே படி 3-இன் டேன்ஜென்ட் பெருக்கத்துக்கு மாற்றாக இதைப் பயன்படுத்துங்கள். அட்சரேகை, விலக்கம் ஆகியவற்றின் சைன் மதிப்புகளைப் பெருக்கி, அதை −0.01454-இலிருந்து (இது −0.833 பாகையின் சைன் மதிப்பு) கழித்து, அவற்றின் கொசைன் மதிப்புகளின் பெருக்கத்தால் வகுத்து, பிறகு நேர்மாறு கொசைன் காணுங்கள். இத்திருத்தம் நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 7 நிமிடத்தையே கூட்டுகிறது. சம இரவு நாளிலும் பகல் 12 மணியைத் தாண்டுவது இதனால்தான். துருவங்களை நெருங்க நெருங்க, சூரியன் அடிவானத்தைச் சாய்வாகக் கடப்பதால் திருத்தம் பெருகுகிறது.

பிற்சேர்க்கை: 70 பாகை அட்சரேகையைக் கொடுத்தபோது விரிதாள் பிழை காட்டுவதாக வாசகர்கள் எழுதியிருந்தனர். நேர்மாறு கொசைனுக்குத் தரும் எண் −1-ஐவிடக் குறைந்தால் அன்று சூரியன் மறைவதே இல்லை, 1-ஐ மிஞ்சினால் உதிப்பதே இல்லை. நிபந்தனைச் சூத்திரம் ஒன்றைச் சேர்த்து முறையே 24, 0 என எழுதச் செய்யுங்கள்.

செப்டம்பர் மாத மதிப்புகள் பொருந்தவில்லை என்ற குறிப்பும் சரியானதே. புவியின் பாதை நீள்வட்டம் என்பதால், மார்ச் சம இரவு நாளிலிருந்து செப்டம்பர் சம இரவு நாள்வரை ஏறத்தாழ 186 நாட்களும், மீதிப் பாதிக்கு ஏறத்தாழ 179 நாட்களும் ஆகின்றன. படி 2 இரண்டையும் சமமாகக் கொள்வதால், செப்டம்பர் இறுதியில் விலக்கம் ஏறத்தாழ 1 பாகை பிசகுகிறது. 60 பாகை அட்சரேகையில் அது பகலில் கால் மணி நேரப் பிழையாகிறது. அத்தகைய இடங்களுக்கு அன்றைய விலக்கத்தை வானியல் பஞ்சாங்கத்திலிருந்து எடுத்து, நேராகப் படி 4-இல் இடுங்கள்.