வெள்ளிக்கிழமை அனுப்பிய பூங்கொத்து

முக்கியமான வாடிக்கையாளர் ஒருவருக்கு நன்றி சொல்லப் பெரிய லில்லி பூங்கொத்து ஒன்றை அனுப்பினேன். ஒரு வாரமாகியும் பதிலே இல்லை. அப்புறம் அவர்கள் வரவேற்பறையில் இருந்தவரிடம் பேச்சுவாக்கில் விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வெள்ளி மாலை, எல்லோரும் கிளம்பிய பிறகு போய்ச் சேர்ந்திருக்கிறது. திங்களன்று தண்ணீரில்லாமல் துவண்டு கிடந்ததாம். போதாக்குறைக்கு, லில்லியின் மகரந்தம் ஒருவர் சட்டையில் அப்பி, கறை போகவே இல்லை. அந்த வாசனையில் இன்னொருவருக்குத் தலைவலி. நன்றி சொல்லப் போய் அவர்களுக்கு வேலை வைத்திருக்கிறேன்!

சரி, அடுத்த முறை முதலில் வரவேற்பறைக்கு ஒரு போன். யாருக்காவது ஒவ்வாமை உண்டா, பரிசு வாங்க நிறுவன விதி இடம் தருமா என்று கேட்டுக்கொண்டேன். செவ்வாய் காலை சேரும்படி, தொட்டியோடு ஃபலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் வகைப் பூச்செடி ஒன்றை அனுப்பினேன். பெரும்பாலும் வாசனை இருக்காது, மகரந்தமும் உதிராது. வாரம் ஒருமுறை தண்ணீர் போதும். பூ 2, 3 மாதம்கூட நிற்கும். அட்டையில் லோகோ எதுவும் போடவில்லை. சரக்கு தாமதமான அன்று அவர் காட்டிய பொறுமையைக் குறிப்பிட்டு, கையால் இரண்டு வரி எழுதினேன். (ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில் மட்டும் பூ அனுப்புவதில்லை. தூண்டில் போடுவதுபோல் இருக்கும்.)

அன்று மாலை அவரே அழைத்தார். பேச்சு பூவில் ஆரம்பித்து, அவர் பல நாளாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒரு பில் குழப்பத்தில் போய் நின்றது. அதை அந்த வாரமே சரிசெய்து கொடுத்தேன்.