பாய்மரக் கப்பல் கிட்: பெயிண்ட் முதல் கடைசி முடிச்சு வரை

பாய்மரக் கப்பலின் சிறு மாடலைச் செய்யும் கிட் வாங்குகிறவர்களில் பலர் அடிப்பாகத்தை ஒட்டி முடித்ததோடு நின்றுவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் நூல்கண்டுகளையும் கயிறு வரைபடத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கோடுகளையும் பார்த்தால் யாருக்கும் மலைப்பு வரும்.

அத்தனை கயிறும் செய்வது இரண்டே வேலைதான். தாங்கு கயிறு பாய்மரத்தை நிமிர்த்திப் பிடித்திருக்கும், நகராது. இழுகயிறு பாயையும், பாயைத் தாங்கும் குறுக்குக் கட்டையான பருமலையும் ஏற்றும், இறக்கும், காற்றுக்கேற்பத் திருப்பும். ஒரு கயிறு எதைப் பிடித்து இழுக்கிறது என்று புரிந்துவிட்டால், அதை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும். நம் ராமநாதபுரம் கரையில் இதைக் கண்ணால் பார்த்தே படிக்கலாம். தொண்டிப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி நடந்தால் தவறாமல் போய், பாயை விட்டுவிட்டுக் கயிறுகளைக் கவனியுங்கள். காற்று வரும் பக்கத்துக் கயிறு விறைத்து நிற்கும், மறுபக்கம் தொய்ந்து கிடக்கும். வரைபடத்தில் கிடைக்காத பாடம் அது.

முதல் கிட்டாக ஒற்றைப் பாய்மரமோ இரட்டைப் பாய்மரமோ உள்ள கப்பலை எடுங்கள். அளவு 1:64 (நிஜக் கப்பலில் 64-இல் ஒரு பங்கு) அல்லது அதைவிடப் பெரிதாக இருந்தால் விரலுக்கும் கண்ணுக்கும் நல்லது. மூன்று பாய்மரப் போர்க்கப்பல் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் பெயிண்ட்

கயிறு கட்டிய பிறகு பிரஷ் உள்ளே நுழையாது. அதனால் பெயிண்ட் வேலை முழுவதும் முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். மரத்தை 240 நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 400-இல் முடியுங்கள். ஈரத் துணியால் தூசியைத் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் ஒரு கோட் ப்ரைமர்.

நம் ஊர்ப் பருவத்தையும் கணக்கில் வையுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜன்னலைத் திறந்துவைத்தால் ஈரப் பெயிண்ட்டில் புழுதி வந்து அப்பிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரமாக இருக்கும், அப்போது லேக்கர் ஸ்ப்ரே அடித்தால் மேலே பால் படிந்தது போல வெளுத்துவிடும். ஆரம்பக்காரருக்கு அக்ரிலிக் பெயிண்ட்டும் நல்ல பிரஷ்ஷும் போதும் என்பது என் கருத்து. பெயிண்ட்டில் கலக்க உப்புத் தண்ணீர் வரும் போர்வெல் குழாயை நாடாதீர்கள், கேன் தண்ணீர் ஊற்றுங்கள். உப்பு இருந்தால் காய்ந்தபின் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். கெட்டியாக ஒரே தடவை பூசுவதைவிட நீர்க்க மூன்று தடவை பூசுவது அழகு.

நீர்மட்டக் கோடு போட, கப்பலை ஆடாமல் நிறுத்துங்கள். தேவையான உயரத்தில் ஒரு கட்டையோடு பென்சிலைச் சேர்த்துக் கட்டி, கட்டையை மேசையில் நகர்த்தியபடி சுற்றி வாருங்கள். கோட்டை ஒட்டி மாஸ்கிங் டேப்பை ஒட்டி, டேப்பின் ஓரத்தை நகத்தால் நன்றாக அழுத்துங்கள். டேப்புக்கு அடியில் இருக்கும் நிறத்தையே முதலில் ஓரத்தில் மெல்லியதாகப் பூசிவிட்டால், அடுத்த நிறம் உள்ளே கசியாது.

அடிப்பாகத்துக்குச் செம்பு நிறம் அடிக்கும் முன் உங்கள் கப்பலின் காலத்தைப் பாருங்கள். பிரிட்டிஷ் கடற்படை செம்புத் தகடு அடிப்பதைச் சோதித்துப் பார்த்தது 1761-இல். 1780-களில்தான் அது பரவலானது. 1740-களின் கப்பலுக்குச் செம்பு பொருந்தாது, மங்கிய வெள்ளைதான் சரி. கடைசியில் மேட் வார்னிஷ். பளபளப்பு வந்தால் பொம்மையாகத் தெரியும்.

நூல்

நிஜக் கப்பலில் தாங்கு கயிற்றுக்குத் தார் பூசுவார்கள், எனவே அதற்குக் கரும்பழுப்பு நூல். இழுகயிற்றுக்கு வெளிர் பழுப்பு. பருத்தி நூல் ஈரத்தை உறிஞ்சி இறுகும், காய்ந்தால் தொய்யும். கடலோர வீட்டில் இது ஓயாத தொல்லை. பாலியஸ்டர் நூல் அவ்வளவாக மாறாது. எந்த நூலானாலும் தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு முறை இழுத்துவிடுங்கள், பிசிறு படிந்துவிடும்.

பாய்மரமும் பக்கக் கயிறும்

கப்பிகளைப் பாய்மரத்திலும் பருமலிலும் மேசைமேல் வைத்தே கட்டிவிடுங்கள். கப்பலில் நிறுத்திய பிறகு கட்டுவது பெரும்பாடு. பாய்மரம் நட்டதும் முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்துச் சாய்வைச் சரிசெய்யுங்கள்.

பக்கவாட்டில் பாய்மரத்தைப் பிடிக்கும் ஷ்ரவுட்களை வலப்பக்கம் ஒரு ஜோடி, இடப்பக்கம் ஒரு ஜோடி என்று மாற்றி மாற்றி, முன்னாலிருந்து பின்னால் கட்டிக்கொண்டு போங்கள். நிஜக் கப்பலிலும் இதே வரிசைதான். ஒரே பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் வந்தால் பாய்மரம் சாய்ந்துவிடும். கீழே டெட்ஐ என்ற, மூன்று துளை உள்ள வட்டக் கட்டை இருக்கும்; ஷ்ரவுட்டின் கீழ் முனையில் இன்னொரு டெட்ஐ வரும். மேல் டெட்ஐ எல்லாம் ஒரே உயரத்தில் வர, ஒரு கம்பித் துண்டின் இரு முனைகளையும் வளைத்து, ஒரு முனையைக் கீழ்த் துளையிலும் இன்னொன்றை மேல் துளையிலும் மாட்டி வைத்துக் கட்டுங்கள். எல்லா ஜோடியும் முடியும்வரை எதையும் முழுதாக இறுக்காதீர்கள்.

ஏணிக் கயிறு

பார்ப்பவர் கண் முதலில் போவது இங்கேதான், பொறுமையாகச் செய்யுங்கள். ஷ்ரவுட்களுக்குக் குறுக்கே கட்டும், மாலுமி கால் வைத்து ஏறும் படிகள் இவை. நிஜத்தில் படிகளுக்கு இடையே 38 செ.மீ. அளவு இருக்கும். 1:64-இல் அது சுமார் 6 மி.மீ. வெள்ளை அட்டையில் 6 மி.மீ. இடைவெளியில் கோடு கிழித்து ஷ்ரவுட்களுக்குப் பின்னால் செருகுங்கள். வலை பின்னுகிறவர்கள் கண் அளவு மாறாமலிருக்க ஒரு கட்டையை வைத்துக்கொள்வார்களே, அந்த வேலையை இந்த அட்டை செய்யும்.

முடிச்சு இப்படி: நூலை ஷ்ரவுட்டுக்கு முன்னால் கொண்டுபோய்ப் பின்னால் சுற்றுங்கள். முதல் சுற்றின் மேல் குறுக்காகத் தாண்டி இன்னொரு சுற்று. நுனியை அந்தக் குறுக்குக்கு அடியில் நுழைத்து, இரண்டு பக்கமும் மெதுவாக இழுங்கள். கோட்டின் மேல் முடிச்சை உட்கார வைத்துவிட்டு அடுத்த ஷ்ரவுட்டுக்குப் போங்கள். இடையிலுள்ள நூல் நேராக நின்றால் போதும். விறைப்பாக இழுத்தால் ஓர ஷ்ரவுட்கள் உள்ளே வளைந்து, நடுவில் இடுப்பு சிறுத்துவிடும். சில படிகளுக்கு ஒருமுறை தள்ளி நின்று பாருங்கள்.

ஓர முடிச்சுகளில், பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஃபெவிகாலை ஊசி முனையால் தொட்டு வையுங்கள். இன்ஸ்டன்ட் பசை நூலை மொறமொறப்பாக்கி ஒடிய வைக்கும், வெள்ளையாகவும் பூக்கும். பசை காய்ந்த பிறகுதான் நுனியை வெட்ட வேண்டும்.

மீதி வேலை

முன்னாலிருந்து பாய்மரத்தை இழுக்கும் ஸ்டே கயிறுகள், அப்புறம் பருமல்கள், அப்புறம் இழுகயிறுகள். நடுவிலிருந்து ஓரத்துக்கு, கீழிருந்து மேலுக்குப் போனால் கை இடிக்காது. பாய் வைப்பதானால் துணியை டீ டிகாஷனில் நனைத்துக் காயவையுங்கள், புதுவெள்ளை போய்விடும். 1:64-இல் சுமார் 9 மி.மீ.க்கு ஒரு பென்சில் கோடு போட்டால் துணிப் பட்டைகளை மூட்டிய தையல் போலத் தெரியும்.

பித்தளை பாகங்களுக்கு வார்னிஷ் தொட்டுவிடுங்கள், உப்புக் காற்றில் சீக்கிரம் பச்சை பூத்துவிடும். கண்ணாடிப் பெட்டிக்கு முன்பே சொல்லிவையுங்கள். ஏணிக் கயிற்றில் தூசி படியாமல் காக்க வேறு வழி கிடையாது.